பொதுவில் விட்ட நாய்

ஏகாம்பரத்துக்கு, பூந்தமல்லியில் உன் மாமன் வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம். அம்மா எப்போது பூந்தமல்லிக்குப் போனாள், யார் கொண்டுபோய் விட்டார்கள் என்று உனக்குக் குழப்பமாக இருக்கும். யாரும் விடவில்லை, நானேதான் கிளம்பி வந்தேன். ஏன் வந்தேன் என்பதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் வழக்கம்போல "இன்னாம்மா, ஆரம்பிச்சிட்டியா" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவாய். காகிதத்தில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் காவல்காரராக இருந்த புண்ணியத்தில் கற்றுக்கொண்ட நாலு எழுத்து, இத்தனை வருஷம் கழித்து இதற்காவது உதவட்டும்.

நம் சிப்பாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நாய் செத்து ஆறின கதையை ஏன் கிளறுகிறாள் என்று நினைக்காதே. அது ஆறவில்லை. "வாயில்லா ஜீவனப் பட்டினி போட்டுக் கொன்னவன், அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று நீ உன் தம்பியைப் பற்றிக் கோவில்பதாகை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். துளசிங்கமும் உன்னைப் பற்றி அதே வார்த்தையைத்தான் சொல்கிறான், ஓர் எழுத்துகூட மாற்றாமல். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு அந்த ஒன்றுதான் இப்போது அடையாளமாக இருக்கிறது. எனக்கு உங்களிடம் வேண்டியது வேறு ஒன்றும் இல்லை. ஒருவன் வாசலை ஒருவன் மிதிக்க வேண்டும். நான் கண்ணை மூடுவதற்குள் அது நடக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

சிப்பாய் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, முள்வேலி போட்டு, ரோட்டில் லாரி ஓட ஆரம்பித்த புதிது. உன் அப்பா முகாம் சமையல்காரர்களுக்கு ஆடு கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே வடக்கே மலைநாட்டிலிருந்து வந்த ஒரு சிப்பாய், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவன், ஆட்டைக் கண்டால் போதும், ஓடி வந்து தடவிக்கொடுப்பான். அவனும் ஆட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை என்று உன் அப்பா கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். நம் நாய் அவன் ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த குட்டி, அவன் நினைவாகத்தான் அதற்குச் சிப்பாய் என்று பேர். அவனை வேறு ஊருக்கு மாற்றியபோது, கண்ணெல்லாம் சிவக்க, குட்டியை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே முள் வைத்த ஓர் இரும்புக் கழுத்துப்பட்டையும் கொடுத்தான். அந்த மலையில் சிறுத்தை வந்து நாயின் கழுத்தைத்தான் முதலில் பிடிக்குமாம். "நம்ப ஊர்ல சிறுத்தைக்கு எங்கடா போறது, லாரிதான் கீது" என்று உன் அப்பா சிரித்தார். கன்றுக்குட்டியின் குளம்பு அளவு பாதம், கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்பாய் இரண்டு பொட்டு. தூரத்தில் பார்த்தால் நாலு கண் போலத் தெரியும்.

நீங்கள் இரண்டு பேரும் அதை வீட்டுக்குள் தூக்கி வந்து கொஞ்சியதும், உன் அப்பா பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டிக்குள் விட்டதும் ஞாபகம் இருக்கிறதா? பால் மறக்காத ஆட்டுக்குட்டிகளோடு அதையும் சேர்த்து அடைத்தார். "ஊட்டுக்குள்ள வளந்தா நம்பளத்தான் காக்கும். ஆட்டோட வளந்தாதான் ஆட்ட காக்கும்" என்றார். கிழட்டு ஆடு ஒன்று அதை முட்டித் தள்ளிக்கொண்டே இருந்தது. அது திருப்பிக் கடிக்கவே இல்லை. உருண்டு போய் விழுந்து, எழுந்து வந்து, அதே ஆட்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அப்படியே வளர்ந்து, இரண்டு வருஷத்தில் எழுந்து நின்றால் என் தோளில் காலைப் போடும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆனாலும் தன்னை ஓர் ஆடு என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது என்று நான் கேலி செய்வேன். பகல் முழுக்கத் தூக்கம், பொழுது சாய்ந்தால் காவல். அது ஒரு தடவை குரல் கொடுத்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நரி இந்தப் பக்கம் திரும்பாது.

அதை வளர்ப்பது லேசான காரியமா என்ன? பங்குனி வந்தால் மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். உன் அப்பா மர வாருகோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கூடை மயிர் எடுப்பார். வெயில் தாங்காமல் ஏரிக்கரை ஈர மணலைத் தோண்டிப் படுத்திருக்கும். நீதான் பரிதாபப்பட்டு, "மொட்டை அடிச்சி உட்டுடலாம் நைனா" என்று கேட்டாய். "மயிருதான்டா அதுக்குக் குடை. அத எடுத்தா வெயிலு நேரா தோலுல ஏறும். தண்ணியில குந்த வையி, போதும்" என்றார். கேழ்வரகுக் கூழும் மோரும் கலந்து வைப்போம். ஆடு அறுத்த அன்று சவ்வும் எலும்பும். அதற்கும் அது பாய்ந்து வராது. ஆடுகள் எல்லாம் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் சட்டிக்கு வரும். வைக்காவிட்டால் கேட்காது. குலைக்காது, காலைச் சுற்றாது, அடுத்த வீட்டில் போய் நிற்காது. அந்தக் குணம்தான் அதற்கு எமனாக வந்தது.

தினமும் காலையில் உன் அப்பா ஒன்று செய்வார். பட்டி திறக்கப் போகும்போது சிப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து விரலையும் அதன் மயிருக்குள் விட்டு விலாவைத் தடவிப் பார்ப்பார். கொஞ்சுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். "கண்ணால பாத்தா இதுக்குப் பசி தெரியாது. இம்மாம் மயிரு மூடிக்கினு கீது, எலும்புந்தோலுமா ஆனாகூட கொழுத்த நாயாட்டம்தான் தெரியும். கைய வச்சிப் பாத்தாதான் உண்டு" என்றார். மகனே, உனக்குச் சொல்லப் புத்திமதி என்று என்னிடம் ஒன்று இருந்தால் அது உன் அப்பாவுடைய இந்த வார்த்தைதான். உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டில் சோறு விழுந்ததா என்று பார்த்துவிட்டு எழுந்து போய்விடாதே. கை வைத்துப் பார்.

அவர் போன அன்று சிப்பாய் சுடுகாட்டுக்கு வரவில்லை. "சோறு போட்டவனுக்குக் கூட வரல பாரு" என்று ஊரார் பேசினார்கள். எனக்கு அந்த அழுகையிலும் ஒரு பெருமை இருந்தது. ஆடுகள் பட்டியில் இருக்கும்போது அது எப்படி வரும்? அந்த மழைக்காலத்தில்தான் ஓர் ஆட்டுக்குட்டியைக் காணோம் என்று நீயும் துளசியும் சேர்ந்து ஏரிக்கரை முழுக்கத் தேடினீர்கள். குட்டி எங்கே இருந்தது? பட்டியின் மூலையில், சிப்பாயின் வயிற்று மயிருக்குள், ஒரு சொட்டு நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை நான் வாசலில் நின்று கேட்டேன். நீங்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

பிறகு பாகம் பிரித்தீர்கள். அதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. நீ பட்டாளத்து ஸ்டோரில் உத்தியோகம் பார்க்கிறவன். ஆட்டை எல்லாம் முகாமுக்கு விற்றுவிட்டு நிலம் வாங்கலாம் என்றாய். துளசி ஆட்டோடு ஆடாக வளர்ந்தவன், ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்றான். உங்கள் பெண்டாட்டிகள் ஒருவருக்கொருவர் முகம் திருப்ப ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்று ஆட்டைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். உன் பாதி ஏரிக்குக் கிழக்கே, அவன் பாதி மேற்கே. நீயும் உடனே விற்காமல் ஆள் வைத்து மேய்த்தாய். எல்லாம் பிரித்து முடித்த பிறகு இரண்டு மிச்சம் இருந்தோம், நானும் நாயும். "அம்மா மாசத்துக்கு ஒரு ஊட்ல இருக்கட்டும். நாயி பொதுவுல இருக்கட்டும்பா, ரெண்டு பேரும் சோறு போடுங்க" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்த திருப்தியில் வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த நாய்க்கு யார் போய்ச் சொல்வது? உன் பாதியைக் கரை மேல் ஓட்டிக்கொண்டு போனபோது அது எழுந்து கூடவே நடந்தது. மதகு வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்த்தது. மேற்கே பாதி ஆடு நிற்கிறது. ஓடி வந்தது. இங்கே வந்து பார்த்தால் கிழக்கே பாதி போகிறது. மறுபடி ஓடியது. அன்று பொழுது சாயும் வரை அந்தக் கரையில் அது நடந்த நடையைப் பார்த்து நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மதகு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பட்டியும் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு உன் பட்டியில் நரி புகுந்து குட்டியைத் தூக்கியது. அந்த நேரம் சிப்பாய் மேற்கே இருந்தது. நீ துளசி வீட்டு வாசலில் போய் நின்று, "எங் குட்டிய நரி துன்னுது, நீ நாய இஸ்து வச்சிகினு கீறியா" என்று கத்தினாய். "நான் எங்க கட்னேன்? அதுவா வந்து குந்திகினு கீது. உனக்கு வோணும்னா நீ கட்டிக்கோ" என்றான் அவன். நீ கட்டினாய். அது கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு மேற்கே போனது. அவன் கட்டினான், அறுத்துக்கொண்டு கிழக்கே வந்தது. கடைசியில் இரண்டு பேருமே கட்டுவதை விட்டுவிட்டீர்கள். "அவன் பட்டியத்தான காவ காக்குது, அவன் போடட்டும்" என்று நீ சொன்னாய். "அண்ணன் ஊட்டுக்குப் பட்டாளத்து எலும்பு வருது, அது அங்க துன்னும்" என்று அவன் சொன்னான். அரிசி ரேஷனில் வந்துகொண்டிருந்த காலம். ஒரு வாய் குறைந்தால் பரவாயில்லை என்று இரண்டு வீட்டிலும் ஒரு மூலையில் நினைப்பு இருந்திருக்கும். அதை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். பஞ்ச காலத்தில் எல்லோருக்கும் வருகிற நினைப்புதான்.

எனக்கு அப்போது குளிர்காய்ச்சல். உன் வீட்டில்தான் படுத்திருந்தேன். சுரம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நடுவில் நினைவு வரும்போதெல்லாம் உன் பெண்சாதியிடம், "சிப்பாய்க்கு ஊத்துனியா?" என்று கேட்பேன். "அது அங்க துன்னுட்டுத்தான் வந்துருக்கும் அத்தே, பாருங்க எப்டி கொழுகொழுன்னு கீதுன்னு" என்பாள். நல்ல பெண், பொய் சொல்கிறவள் இல்லை. வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். கரை மேல் கறுப்பாய்ப் பெரியதாய் அது போய்க்கொண்டிருந்தது. நானும் படுத்தபடியே எட்டிப் பார்த்தேன். எனக்கும் கொழுகொழுவென்றுதான் தெரிந்தது.

சுரம் நின்று, தடி ஊன்றிக்கொண்டு ஒரு காலையில் கரைக்குப் போனேன். மதகுப் பக்கத்தில் படுத்திருந்தது. கூப்பிட்டேன், வால் மட்டும் அசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உன் அப்பா செய்த மாதிரி விரலை உள்ளே விட்டேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் என் விரலுக்கு இடையில் தனித்தனியாக வந்து நின்றது. அடிவயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. இத்தனை பெரிய உடம்பு என்று நாம் பார்த்ததெல்லாம் வெறும் மயிர் ஏகாம்பரம், உள்ளே நாய் இல்லை. என் கூச்சல் கேட்டு உன் பெண்சாதி கஞ்சி கொண்டு ஓடி வந்தாள். கையில் எடுத்து வாயில் வைத்தேன். நாக்கு என் கையை நக்கியது, கஞ்சியை விழுங்கவில்லை. அந்த நேரம் பார்த்து உன் ஆடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டார்கள். மணிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றது. எப்படி எழுந்தது என்று எனக்குத் தெரியாது. கிழக்கே நாலு அடி வைத்தது. மேற்கேயும் மணிச் சத்தம் கேட்டது. திரும்பியது. திரும்பினது அப்படியே உட்கார்ந்து, தலையைக் கீழே வைத்துவிட்டது. நான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளை போனால் அழுகிற அழுகைதான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஓடி வந்தீர்கள். "நீ போடலியா?" என்று நீ கேட்டாய். "நீ போட்றன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்று அவன் சொன்னான். "நானும் அதாண்டா நெனச்சேன்" என்று நீ சொன்னாய். அந்த இடத்தில் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும்.  நீ கையை ஓங்கினாய். அவனும் ஓங்கினான். செத்த நாய்க்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன், நடுவில் நான். துளசி தனியாகவே குழி வெட்டிப் புதைத்தான். நீ மண்ணைத் தொடாமல் போய்விட்டாய். போகிற வழியில் வேலி ஓரம் நின்று நீ முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இனி என் விஷயம். அமாவாசை அன்று உன் வீட்டில் என் மாசம் முடிந்தது. மூட்டையை எடுத்துக்கொண்டு, உன் பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டு, கரை வழியாக துளசி வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. அவன் பெண்சாதியைப் பிரசவத்துக்கு அவள் தாய் வீட்டில் விடப் போயிருக்கிறான் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். ஆடு மேய்க்க ஆள் வைத்துவிட்டுப் போயிருந்தான். நான் வருகிற நாள் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. தாய் வீட்டுக்குப் பெண்டாட்டியை அழைத்துப் போகிறவனுக்கு ஆயிரம் நினைப்பு. பொழுது சாயும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி உன் வீட்டுக்கு வரலாம் என்று மதகு வரை வந்தேன். வந்தவளுக்கு மேலே கால் வரவில்லை. மாசம் முடிந்து போனவள் ஏன் திரும்பி வந்தாள் என்று உன் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கால் வரவில்லை. அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பசியை விட, நான் சாப்பிடாதது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரே பூந்தமல்லி ரோட்டைப் பிடித்தேன். வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான்.

வந்து இரண்டு அமாவாசை போய்விட்டது. உன் மாமன் கோபப்பட்டு, "நான் போய் ரெண்டு பேரையும் நாலு கேள்வி கேட்டுட்டு வரேங்கா" என்று கிளம்பினான். நான்தான் பிடித்து நிறுத்தினேன். நீங்களாகத் தேடி வருவீர்கள் என்று இருந்தேன். முதல் மாசம் நீ வராதது எனக்கு வருத்தமாக இல்லை, அது அவன் மாசம். அவன் வராததற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன், பிரசவ வீடு. இரண்டாம் மாசம்தான் எனக்குப் புரிந்தது. அம்மாவை அனுப்ப மனமில்லாமல் தம்பியே வைத்துக்கொண்டான் என்று நீ நினைத்திருப்பாய். நான் கிழக்கேயே தங்கிவிட்டேன் என்று அவன் நினைத்திருப்பான். கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள்தான் பேசுவதில்லையே. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லையப்பா. கோபம் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் கெட்டவர்கள் இல்லை. சிப்பாயையும் நீங்கள் கெட்ட எண்ணத்தால் கொல்லவில்லை.

இந்தக் கடிதம் ஒன்றுதான் எழுதியிருக்கிறேன். துளசிக்கென்று தனியாக எழுதவில்லை. எழுதினாலும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரில் ஒருவன் ஆட்டின் பின்னால் போக வேண்டியிருந்தது, அவன் போனான், நீ படித்தாய். வேறு ஆளிடம் கொடுத்து அவனுக்குப் படித்துக் காட்டச் சொல்லாதே, இது நம் வீட்டுச் சமாசாரம். நீதான் கரை மேல் நடந்து போக வேண்டும். அவன் வீட்டில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படி. சிப்பாய் செத்த இடத்தில் அவன் அழுவான், படிப்பதை நிறுத்திவிட்டு அவன் முடிக்கும் வரை பொறுத்திரு. நீ வேலி ஓரம் நின்றதை எழுதியிருக்கிறேன், அதை விட்டுவிட்டுப் படிக்காதே. நீ போவாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. நீ போகாவிட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அம்மா அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பாள் என்று அவன் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருப்பான்.